ஒளியும் உதிரமும்

ஞாயிற்றின் ஒளியை விரும்பாதார் உலகில் யாவர்? பயிர் தழைப்பதும், பறவை பாடுவதும், மாந்தர் தத்தம் தொழிலில் தலைப்படுவதும் அவ்வொளியாலேயாம். எனினும், இளவெயில் மேனியிற் பட்ட சில நிமிடங்களில் தழல் பட்டாற்போலத் துடிப்பவரும் இவ்வுலகில் உளர். அவர்க்குப் பகல் பகையாகும், இருளே உறவாகும். இஃது ஒருபுறம் நிற்க. மூடிய அறையிற் கரியடுப்பை மூட்டி வைத்து உறங்கியவர், பொழுது புலர்ந்தும் எழாது மாண்டார் என்னும் செய்தியையும் நாம் அவ்வப்போது கேட்கின்றோம். அவர் உயிரைக் கவர்ந்தது கார்பன் மானாக்ஸைடு என்னும் வாயு. நிறமும் மணமும் இன்மையால் அதன் வரவை யாரும் அறியார்.

வெயில் சுடும் நோய்க்கும் புகையிற் பிறக்கும் இந்நச்சு வாயுவிற்கும் தொடர்பு உண்டு என ஆராய்ச்சியாளர் கூறக் கேட்கும்பொழுது நமக்கு வியப்பு உண்டாகின்றது. ‘அஃது எத்தகைய தொடர்பு?’ என்னும் வினாவும் உடன் எழுகின்றது. அவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் நமக்கு மருத்துவ ஆராய்ச்சியில் என்ன வேலை என்று வினவுவாரும் உளராகலாம். அவர்க்கு நாம் கூறும் விடை ஒன்றே. ‘தொடர்பு’ என்பது ஒரு சொல். அச்சொல்லுக்குப் பொருள் காண்பது நம் வேலையே. மூன்றாம் வேற்றுமையைக் கற்ற மாணாக்கர், ‘வாளால் வெட்டினான்’ என்பதற்கும் ‘தந்தையொடு மகன் வந்தான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நன்கு அறிவர். முன்னது கருவிப் பொருள். பின்னது உடனிகழ்ச்சிப் பொருள். வாள் இன்றேல் வெட்டு இல்லை. தந்தை வாராவிடினும் மகன் வரலாம். இரண்டு பொருள்கள் ஓரிடத்துச் சேரக் காணப்படின், ஒன்று மற்றொன்றால் விளைந்ததோ, அன்றி மற்றொன்றொடு வந்ததோ என ஆராயாமல் துணிதல் கூடாது. ஓர் உருபு மாறின் பொருள் மாறும் என்பது இலக்கணத்திற்கு மட்டுமன்று, மருத்துவத்திற்கும் ஒக்கும்.

இனி, ஆராய்ச்சிக்குள் புகுவோம்.

நம் குருதிக்குச் செந்நிறம் தருவது ஹீம் என்னும் பொருள். இது தேர்ச்சக்கரம் போன்ற அமைப்புடையது. சிறு வளையங்கள் நான்கு ஒன்றோடொன்று பிணைந்து ஒரு பெருவளையமாகின்றன. அப்பெருவளையத்தின் பெயர் போர்பிரின். அதன் நடுவே, சக்கரத்தின் நடுவில் அச்சு அமைந்தாற்போல, ஓர் இரும்பணு அமர்ந்துள்ளது. இரும்பு அமர்ந்த போர்பிரினே ஹீம் ஆகும். இது குளோபின் என்னும் புரதத்தோடு கூடி ஹீமோகுளோபின் ஆகின்றது. நாம் உள்ளிழுக்கும் பிராணவாயு இவ்விரும்பணுவைப் பற்றிக்கொண்டே உடலெங்கும் செல்கின்றது.

பிராணவாயு அமரும் இவ்வாசனத்தில் கார்பன் மானாக்ஸைடும் அமர வல்லது. அதுமட்டுமன்று, பிராணவாயுவினும் இருநூறு மடங்கிற்கு மேற்பட்ட உறுதியோடு அமர வல்லது. அஃது அமர்ந்தபின் பிராணவாயுவிற்கு இடம் இல்லை. இவ்வுண்மையைப் பிரான்சு நாட்டுப் பேரறிஞர் கிளாடு பெர்னார்டு 1857-ஆம் ஆண்டில் விளக்கினார். பின்னர், நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் மாள்வது கண்டு மனம் வருந்திய ஜான் ஸ்காட் ஹால்டேன், இவ்வாயுவைத் தாமே முகர்ந்து, தம் உடலில் நேரும் மாறுதல்களை ஒவ்வொன்றாகக் குறித்து, 1895-இல் வெளியிட்டார். பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரைப் பணயம் வைத்த அவர் செயலை எவ்வளவு போற்றினும் தகும்.

அவரும் லொரெயின் ஸ்மித் என்பாரும் 1896-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் மற்றொரு புதுமை காணப்படுகின்றது. கார்பன் மானாக்ஸைடு பற்றிய குருதியின்மீது வலிய ஒளி படின், அவ்வாயு தன் பிடியைத் தளர்த்துகின்றது. ஒளியை நீக்கின் மீண்டும் பற்றுகின்றது. ஒளிக்கும் இவ்வாயுவிற்கும் முதன்முதற் காணப்பட்ட உறவு இதுவே. இதனை உயிரணுக்களின் மூச்சை ஆராயும் கருவியாகப் பயன்படுத்தியவர் ஜெர்மானிய அறிஞர் ஆட்டோ வார்பர்க். இவ்வாயு ஈஸ்டு அணுக்களின் மூச்சை அடக்குவதையும், ஒளி பட்டபோது அம்மூச்சு மீள்வதையும் அவர் 1926-இல் கண்டார். எந்தெந்த நிறத்து ஒளி எவ்வளவு மூச்சை மீட்கின்றது என அளந்து, அதனின்றும் உயிரணுக்களின் மூச்சை நடத்தும் பொருளிலும் ஹீம் உள்ளது என நிறுவினார். 1931-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவர்க்கு அளிக்கப்பெற்றது.

நிற்க. கார்பன் மானாக்ஸைடு புகையிலிருந்து மட்டுமே நம் உடலில் புகுவது என்றே நெடுநாள் கருதினர். 1949-இல் சுவீடன் நாட்டு மருத்துவ அறிஞர் ஷோஸ்ட்ராண்டு, இவ்வாயு நம் உடலினுள்ளேயே பிறக்கின்றது என அறிவித்தார். குருதியிலுள்ள சிவப்பணுக்கள் ஏறத்தாழ நூற்றிருபது நாள் வாழ்ந்து அழிவன. அழியும்போது அவற்றிலுள்ள ஹீமும் சிதைகின்றது. அச்சிதைவை நடத்தும் நொதியை டென்ஹுனன், மார்வர், ஷ்மிட் என்னும் மூவர் 1968-இல் கண்டறிந்தனர். அதன் செயல் எளிது. சக்கரத்தின் வட்டையை ஓரிடத்தில் வெட்டித் திறக்கின்றது. வெட்டிய இடத்திலிருந்து கார்பன் மானாக்ஸைடு வெளிப்படுகின்றது. நடுவிலிருந்த இரும்பு விடுபடுகின்றது. எஞ்சிய பகுதி முதலிற் பச்சைநிறப் பொருளாகிப் பின்னர் பிலிருபின் என்னும் மஞ்சள்நிறப் பொருளாகின்றது. ஒரு ஹீம் சிதையின் ஒரு மூலக்கூறு கார்பன் மானாக்ஸைடு. ஒரு மூலக்கூறு பிலிருபின். கணக்கு வழுவுவதில்லை. உடல்நலம் உடைய ஒருவர் உடலில் மணிக்கு ஏறத்தாழ 0.4 மில்லிலிட்டர் அளவு இவ்வாயு பிறக்கின்றது என 1963-இல் கோபர்ன் முதலானோர் அளந்து கூறினர். எனவே, நாம் விடும் ஒவ்வொரு மூச்சிலும், மிக நுண்ணிய அளவில், நம் குருதியின் முதுமை வெளியேறுகின்றது எனலாம்.

இது ஹீம் அழியும் கதை. இனி அது பிறக்கும் கதையைக் காண்போம். ஒளி சுடும் நோய் அங்கேதான் உள்ளது.

ஹீமை ஆக்குவதற்கு உடல் எட்டுப் படிகளைக் கடத்தல் வேண்டும். படி ஒவ்வொன்றிற்கும் ஒரு நொதி காவல் உண்டு. யாதேனும் ஒரு நொதி குறையின், வேலை அப்படியில் தடைப்படும். முடிவுறாத பொருள்கள் தேங்கும். இவ்வாறு தேங்குவதால் வரும் நோய்களுக்குப் போர்பிரியா என்பது பொதுப்பெயர். கிரேக்க மொழியில் ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல்லினின்றும் பிறந்தது இப்பெயர். இந்நோயாளர் சிலருடைய சிறுநீர் கருஞ்சிவப்பாய்த் தோன்றுதல் உண்டு. இவ்வகை நோய்கள் பல. அவற்றுள் சில ஒளியால் தோலை வருத்துவன; சில தோலைத் தொடாமல் வயிற்றையும் நரம்பையும் வருத்துவன; இரண்டையும் வருத்துவனவும் உள.

ஒளி ஏன் சுடுகின்றது? இரும்பு அமர்ந்த ஹீம் ஒளியை ஏற்பினும், ஏற்ற ஆற்றலை உடனே வெப்பமாகச் சிதறவிட்டுத் தீங்கின்றி அமைகின்றது. இரும்பு அமராத போர்பிரினோ, ஏற்ற ஆற்றலைத் தன்பால் வைத்திருந்து, அருகிலுள்ள பிராணவாயுவிற்குக் கொடுக்கின்றது. அவ்வாற்றல் பெற்ற பிராணவாயு வெறிகொண்டதாகித் தோலின் அணுக்களைத் தாக்குகின்றது. அச்சு இல்லாத சக்கரம் தேரை நடத்தாது. வழியில் உருண்டு, எதிர்ப்பட்டவரை நசுக்கும். போர்பிரினின் நிலையும் அதுவே.

இதனைத் தம் உடலிலேயே மெய்ப்பித்தவர் பிரீட்ரிக் மேயர்–பெட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர். குருதியினின்றும் எடுத்த போர்பிரினுள் 200 மில்லிகிராம் அளவைத் தம் நரம்பில் ஏற்றிக்கொண்டு, 1912-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் வெயிலில் நின்றார். அவர் முகமும் கைகளும் அடையாளம் தெரியாவண்ணம் வீங்கின. அத்துன்பம் பல வாரங்கள் நீடித்தது. ஹால்டேன் நச்சு வாயுவை முகர்ந்தார். இவர் ஒளியையே நஞ்சாக்கிக்கொண்டார். ஹீமின் இருபுறமும் நின்ற இவ்விருவரையும் நாம் ஒருங்கு நினைத்தல் தகும்.

தாமே விரும்பித் துன்பம் ஏற்றவர் புகழ் நூல்களில் நிலைபெறுகின்றது. விரும்பாமலே துன்புற்றவரையும் மறத்தலாகாது. பெட்ரி என்னும் ஜெர்மானியர் பிறவியிலேயே கொடிய போர்பிரியாவால் வருந்தினார். ஒளி பட்டுப் பட்டு அவர் முகமும் விரல்களும் சிதைந்தன. ஹான்ஸ் பிஷர் என்னும் வேதியியல் அறிஞர் அவர் உடலினின்றும் வெளிப்பட்ட போர்பிரின்களை ஆராய்ந்ததோடு, தம் ஆய்வுக்கூடத்தில் அவர்க்கு வேலையும் அளித்தார். பெட்ரி 1925-இல் இறந்தார். பிஷர் ஹீமின் அமைப்பைத் துணிந்து, 1929-இல் அதன் உப்பாகிய ஹீமினைச் செயற்கையாகவும் ஆக்கி, 1930-இல் நோபல் பரிசு பெற்றார். அப்பரிசின் பின்னே, வெயிலுக்கு அஞ்சி வாழ்ந்த ஓர் எளியவரின் துன்பமும் உண்டு.

இவ்வகை நோய்களுள் மற்றொன்றை 1961-இல் இலண்டனில் இயன் மாக்னஸ் முதலானோர் தெளிவாகப் பிரித்துக் காட்டினர். அதில் தடைப்படுவது கடைசிப் படி. போர்பிரினில் இரும்பை அமர்த்தும் படி. இந்நோயுற்ற குழந்தை வெயிலில் விளையாடிச் சில நிமிடங்களில் கைகளை உதறும், தண்ணீருக்கு ஓடும், இரவெல்லாம் அழும். ஆயினும் பெரும்பாலும் தோலில் கொப்புளம் எழுவதில்லை; பார்ப்பவர் கண்ணுக்குப் புண் தெரிவதில்லை. ஆகவே, ‘பள்ளிக்குச் செல்ல மனமின்றி நடிக்கின்றாய்’ என்னும் கடுஞ்சொல்லும் அக்குழந்தைக்கு நேர்தல் உண்டு. நோவினும் கொடியது, நோவை நம்பாதார் சொல். சாளரக் கண்ணாடியும் அதனைக் காப்பதில்லை. ஏனெனில் போர்பிரின் மிகுதியாக ஏற்பது கண்ணாடியை எளிதிற் கடந்து வரும் ஊதா ஒளியையே.

இப்பொழுது ஹீமின் பிறப்பையும் அழிவையும் ஒருங்கு வைத்து நோக்குவோம். இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்றுண்டு. அது பிறந்த குழந்தையின் தொட்டில்.

பிறந்த சில நாட்களில் குழந்தைகள் பலவற்றின் மேனி மஞ்சள் பூக்கின்றது. ஹீம் சிதைந்து உண்டாகும் பிலிருபினைக் கழிக்கும் வல்லமை அவற்றின் கல்லீரலுக்கு இன்னும் முற்றாமையே காரணம். சிவப்பணுக்கள் அளவிறந்து அழிவதாலும் மஞ்சள் மிகும். அப்பொழுது மூச்சில் கார்பன் மானாக்ஸைடும் மிகும். ஆகவே குழந்தையின் மூச்சில் அவ்வாயுவை அளந்து, குருதி எவ்வளவு விரைவாக அழிகின்றது என மருத்துவர் அறியக்கூடும். உயிரைக் கவரும் என நாம் அஞ்சிய வாயு, இங்கே உயிரைக் காக்கத் தூது சொல்கின்றது.

இம்மஞ்சள் நோய்க்கு மருந்து ஒளியே. இங்கிலாந்தில் எஸெக்ஸ் நாட்டகத்து மருத்துவமனை ஒன்றில், ஜீன் வார்டு என்னும் செவிலித்தலைவி மஞ்சள் பூத்த குழந்தைகளை வெயிலிற் கிடத்துவது வழக்கம். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்திருப்பதை அவர் கண்டு காட்டினார். அதனை அடியாகக் கொண்டு கிரீமர் முதலானோர் ஆராய்ந்து 1958-இல் ஒளிச்சிகிச்சையை உலகிற்கு அறிவித்தனர். இன்று மருத்துவமனைதோறும் நீலவிளக்கின் கீழ்க் கிடந்து நலம்பெறும் குழந்தைகள் எண்ணிறந்தன.

ஆனால், பெட்ரியைப் போலப் பிறவிப் போர்பிரியாவுடன் பிறந்த குழந்தையை நினைத்துப் பாருங்கள். அந்நோயில் சிவப்பணுக்களும் விரைந்து அழிதலின், அக்குழந்தைக்கும் மஞ்சள் தோன்றக்கூடும். பிற குழந்தைகட்குச் செய்வதுபோல அதனையும் விளக்கின் கீழ்க் கிடத்தின், நலம் தரும் அவ்வொளியே அதன் மேனியைக் கொப்புளமாக்கும். அதன் துணியில் படிந்த செந்நிறச் சிறுநீரைக் கண்டு ஐயுற்ற ஒருவர் விளக்கை அணைப்பாராயின், அக்குழந்தை பிழைக்கும். ஆதலின் பிறவிப் போர்பிரியா உள்ள குழந்தைக்கு ஒளிச்சிகிச்சை ஆகாது என மருத்துவ நூல்கள் விலக்குகின்றன. ஒரே ஒளி, ஒரே மஞ்சள், ஆயின் ஒருவர்க்கு மருந்து, மற்றொருவர்க்கு நெருப்பு. தொடர்பின் தன்மையை அறியாமை எத்துணைத் தீங்கு பயக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆராய்ச்சி இதனோடு முடிந்ததன்று. ஞாயிற்றின் புறஊதாக் கதிர்கள் நம் தோலணுக்களிற் படின், ஹீமைச் சிதைக்கும் அந்நொதி மிகுதியாகச் சுரக்கின்றது என்பதைக் கீஸ், டிரெல் என்னும் இருவர் 1989-இல் நிறுவினர். அதனால் பிறக்கும் கார்பன் மானாக்ஸைடு, கதிர்களால் நேரும் தீங்கைத் தணிப்பதாக ஆஸ்திரேலியாவில் ஆலன்சன், ரீவ் என்னும் இருவர் மயிரற்ற எலிகளில் கண்டு 2005-இல் எழுதினர். ஹால்டேன் கண்ட புதுமையும் மறக்கப்படவில்லை. நச்சுற்ற எலிகளின் நுரையீரலில் ஒளியைப் பாய்ச்சி இவ்வாயுவை விரைந்து வெளியேற்றலாம் என 2015-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. இவை எலிகளிற் கண்டவை. மாந்தர்க்கும் ஒக்கும் என இப்பொழுதே துணிதல் ஆகாது.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு வருவோம். ஒளி சுடும் நோய் கார்பன் மானாக்ஸைடால் வருவதா? ‘ஆல்’ உருபு இங்குப் பொருந்துமா? பொருந்தாது என்பதே இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவது. பிறவிப் போர்பிரியாவிற்கும், மாக்னஸ் பிரித்துக் காட்டிய நோய்க்கும் காரணம் மரபுவழி வந்த நொதிக் குறை. அடுப்புப் புகை அன்று. பெரியோர்க்கு வரும் ஒருவகைத் தோல் போர்பிரியாவைத் தூண்டுவனவற்றுள் புகைபிடித்தலும் ஒன்று என்பர். ஆயினும் புகையிலைப் புகையில் கார்பன் மானாக்ஸைடு ஒன்றே உள்ளதன்று. ஆயிரக்கணக்கான பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றைப் பிடித்து நிறுத்தி, ‘நீயே குற்றவாளி’ என்பது நீதியன்று. அவ்வாறாயின் ‘ஒடு’ என்னும் உருபு மட்டும் போதுமா? அதுவும் போதாது. இரண்டும் தற்செயலாய் ஓரிடத்து வந்தவை அல்ல. ஹீம் என்னும் ஒரே பொருள், பிறக்கும்போது தடைப்படின் ஒளி சுடுகின்றது. இறக்கும்போது இவ்வாயு வெளிப்படுகின்றது. ஒரே ஆற்றின் தலைமாட்டில் உடைப்பு; கடைமாட்டில் கழிமுகம். உடைப்பைக் கழிமுகம் உண்டாக்கவில்லை. எனினும் இரண்டிலும் ஓடுவது ஒரே நீர். தொடர்பு அந்நீரிலேயே உள்ளது.

‘இஃது ஏட்டளவில் உள்ள நுட்பம்; இதனால் யார்க்கு என்ன பயன்?’ என்று கேட்பார்க்கும் விடை உண்டு. 1985-இல் ஒரு வேதியியல் அறிஞர், மேலைநாட்டுப் பழங்கதைகளில் வரும் இரத்தங்குடிக்கும் பேய்கள் போர்பிரியா நோயாளரே ஆகலாம் எனத் தம் ஊகத்தைக் கூறினார். செய்தித்தாள்கள் அதனை ஊதிப் பெருக்கின. மருத்துவ அறிஞர் பலர் மறுத்தும் அவ்வூகம் மறையவில்லை. ஏதுமறியா நோயாளர் ஏளனத்திற்கும் அச்சத்திற்கும் ஆளாயினர். இருக்கலாம் என்ற சொல்லை இருக்கின்றது எனக் கொண்டதன் விளைவு இது. அவ்வாறே, தொடர்பு உண்டு என்ற செய்தியைக் காரணம் இது எனக் கொள்வாராயின், வீட்டில் அடுப்பெரித்த தாய் தன் குழந்தையின் நோய்க்குத் தானே காரணம் எனக் கலங்குவாள். அவள் கண்ணீருக்கு ஓர் உருபின் பிழை காரணமாகலாமோ?

மகிழ்ச்சிக்குரிய செய்தியும் ஒன்றுண்டு. தோலின் கருமையை மிகுவித்து, மாக்னஸ் பிரித்துக் காட்டிய அந்நோயாளரை ஒளியினின்றும் ஓரளவு காக்கும் அபாமெலனோடைடு என்னும் மருந்திற்கு 2014-இல் ஐரோப்பாவிலும், 2019-இல் அமெரிக்காவிலும் இசைவு தரப்பட்டது. வெயிலை அறியாதிருந்தார் சிலர் இப்பொழுது சிறிது நேரமேனும் அஞ்சாமல் வெளியில் உலவுகின்றனர். ஹால்டேனும், மேயர்–பெட்ஸும், பெயர் அறியப்படாத நோயாளர் பலரும் தத்தம் உடலையே ஏடாக்கி எழுதிவைத்த அறிவு இவ்வாறு சிறுகச் சிறுகப் பயன் தருகின்றது.

மாணாக்க நண்பர்களே! நாம் அனைவரும் மருத்துவராதல் இல்லை. எனினும் நாளை நம்முள் பலர் ஆசிரியராவோம், பெற்றோராவோம். நம் வகுப்பில் ஒரு குழந்தை, ‘ஐயா, வெயில் சுடுகின்றது; என்னால் தாங்க முடியவில்லை’ என்று கூறுமாயின், அதன் கையில் புண் உண்டா என்று பாராமல், அதன் சொல்லை முதலில் நம்பி நிழலுக்கு அழைத்துச் செல்வோமாக. காரணத்தைப் பின்னர்ப் பொறுமையோடு ஆராயலாம்.